‘பை’ என்ற சொல்லின் முதல் பொருள்

1

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து ஓர் இலக்கணத் தாளைக் கொண்டுவந்தாள். ஆங்கிலத்தில் செய்வினை வாக்கியங்களைச் செயப்பாட்டுவினையாக மாற்ற வேண்டும். ‘பூனை பாலைக் குடித்தது’ என்பதைப் ‘பூனையால் பால் குடிக்கப்பட்டது’ என்று எழுதுகிற, உயிருள்ள மனிதர் யாரும் வாயால் சொல்லாத அந்தச் சமாச்சாரம்தான். நம் ‘ஆல்’ செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ‘பை’ என்ற இரண்டெழுத்துச் சொல் செய்கிறது. தாளின் அடியில் கட்டம் போட்டு ஒரு விதி அச்சடித்திருந்தார்கள். செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, சொல்லத் தேவையில்லாவிட்டாலோ, ‘பை’யையும் அதற்குப் பின்னால் வரும் பெயரையும் விட்டுவிடலாம்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்டால் புரியும். பதில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் வரும். பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “அம்மா, அவசரம் லேதனி எவரு டிசைட் சேஸ்தாரு?”

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. வந்த புதிதில் பால்காரரிடம் ‘அவசரமில்லை’ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மூன்று நாள் பாலில்லாமல் உட்கார்ந்திருந்தவள் நான். மகள் கேட்டது இதுதான்: செய்தவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று யார் முடிவு செய்வது?

பதில் எனக்குத் தெரியும். “பேசாம எழுது” என்று அதட்டிவிட்டு அடுக்களைக்குள் போனேன். நாக்கின் அடியில் கசப்பு ஊறியது. குழந்தை மேல் இல்லை அது, இலக்கணத்தின் மேலும் இல்லை.

ஊரில் என் அம்மா இன்றைக்கும் அண்டை வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ‘எம்மவ ஐதராபாத்துல இங்கிலீஷ் வேலைல்லா பாக்கா’ என்று. அந்த இங்கிலீஷ் வேலை என்ன லட்சணத்தில் இருந்தது என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

2

நான் தூத்துக்குடிக்காரி. பாளையங்கோட்டையில் ஆங்கில எம்.ஏ. படித்தேன். கணவருக்கு நாச்சாரத்தில் ஒரு பம்பு தொழிற்சாலையில் வேலை. சைனிக்புரியில் ஒரு மாடி வீட்டின் மேல் பகுதியில் குடியேறினோம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த சமயம் அது. கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்த எல்லோருக்கும் இங்கே வேலை கிடைத்தது. காற்புள்ளி போடத் தெரிந்த எனக்கும் கிடைத்தது.

ஐதராபாத்தை வெளிநாடு என்று நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். பாஸ்போர்ட் வேண்டாம், ரயில் ஏறினால் போதும். ஆனால் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் தெலுங்கு, இந்தி, உருது, ‘இதர’ என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன. நான் “தமிழ்” என்றேன். எழுத்தர் நிமிராமலே “அதே கதம்மா, இதர”, அதுதானேம்மா இதர, என்று சொல்லிக் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தார். பன்னிரண்டு வயதில் அவள் எழுத்துக் கூட்டிக்கூடத் தமிழ் படிக்கத் தெரியாமல் நிற்கும்போது அந்த டிக் கண்முன் வருகிறது. எழுத்தரை நொந்து என்ன பயன், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவள் நான்தானே.

என் வேலை, மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவது. மென்பொருளை எப்படி இயக்குவது என்று பொறியாளர்கள் எழுதுகிற குறிப்புகள், வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்கள், அறிக்கைகள். எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஆபீசில் எனக்கு ‘கிராமர் மேடம்’ என்று பெயர்.

கம்பெனி பஸ் சைனிக்புரியில் என்னை ஏற்றிக்கொண்டு, மௌலா அலியில் மெர்சியை ஏற்றிக்கொண்டு, நகரத்தின் மறுகோடியிலிருந்த கண்ணாடிக் கட்டடத்துக்குப் போகும். மெர்சிக்கு இருபத்து நான்கு வயது. தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்து, மௌலா அலி ஸ்டேஷன் பக்கமே தங்கிவிட்ட கத்தோலிக்கக் குடும்பம். அம்மா இல்லை. அப்பாவும் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவள் தமிழில் எல்லாம் கலந்திருக்கும். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஏன் என்பதற்குக் ‘கைக்கு’. “கைக்குக்கா, இன்னிக்கு டல்லா இருக்கீங்க?” என்று ஆரம்பித்தாளானால் பஸ்ஸின் முன்வரிசை வரைக்கும் கேட்கும்.

சாயங்காலம் அவள் முதலில் ஓடிவந்து ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பாள். நான் ஏறியதும் இருக்கையைத் தட்டிக் காட்டி, “அக்கா, சிட் பை மீ” என்பாள். கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்தவள். பக்கத்தில் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சொல் ‘பை’தான். அவள் வீடு ‘பை த ஸ்டேஷன்’, கோயில் ‘பை த வீடு’. எல்லோருடைய ஆங்கிலத்தையும் திருத்துகிற நான் அதைத் திருத்தியதில்லை. அதில் தப்பு இல்லை. கொஞ்சம் பழைய வாடை, அவ்வளவுதான்.

3

அமெரிக்காவில் வங்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்த வருடம். எங்கள் மாடியில் வாரத்துக்கு இரண்டு நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தோம்.

எங்கள் மேனேஜர் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். சின்னப் பெண்களையும் பையன்களையும் ‘நான்னா’ என்றுதான் கூப்பிடுவார், தெலுங்கில் பிள்ளைகளைச் செல்லமாக அழைக்கிற மாதிரி. ஒருநாள் பதினொரு மணி வாக்கில் வேகமாக மெர்சியின் மேசைக்கு வந்தார். “ஒக்க நிமிஷம் லே நான்னா” என்றார். எழுந்திரு என்று அர்த்தம். அவர் அறை வேறு மாடியில் இருந்தது. அங்கே போக ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவு பொறுமை இல்லை. மெர்சி எழுந்தாள். அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பெயரில் திறந்திருந்த கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் என் இடம். நேர் எதிரே. மெர்சி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையைப் பார்த்தவள் குனிந்து, “சார், இதி லைவ் சார். டெஸ்ட் காது” என்றாள். பரிசோதனைக்கான நகல் இல்லை, வாடிக்கையாளரின் அசல் என்று.

“தெலுசம்மா” என்றார் அவர். தெரியுமாம்.

விசையை அழுத்தினார். அரை நிமிடம் கழித்து அவர் காது மடல்கள் சிவப்பதை நான் பார்த்தேன். ஒரு வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒரு வாரக் கோப்புகள், விபத்தில் கை கால் போனவர்களின் விண்ணப்பங்கள், அழிந்துவிட்டன. நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடும் அந்த வாரம் பழுதாகிக் கிடந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். மெர்சி அப்படியே நின்றாள். நான் என் திரையைப் பார்த்தேன்.

4

மறுநாள் விசாரணை. மனிதவளத் துறையிலிருந்து வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார்கள். மெர்சியிடமும் கேட்டார்கள், கம்ப்யூட்டர் அவளுடையது என்பதால். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் அவள் ஒரு தாளுடன் வந்தாள். “அக்கா, இங்கிலீஷ் செக் பண்ணிக் குடுங்க.”

இரண்டே வரி. கட்டளை தன் கம்ப்யூட்டரிலிருந்து தரப்பட்டது என்று ஒன்று. அடுத்து, ‘இட் ஹேப்பண்ட் பை மீ ஒன்லி.’

“மெர்சி, சார் பேரே இல்லையே?”

“சார் தா நக்கோன்னாரு. ‘நா மேல போயி நானே சொல்லிக்கிறேன், நீ அங்க இருந்தேன்னு மட்டும் எழுது நான்னா’ன்னாரு. அதா எழுதிட்டேன், எல்லாம் என் பக்கத்துலயே தா ஆச்சின்னு. சரிதானே?” என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல், “செக் பண்ணி வைங்க, டீ எடுத்துட்டு வர்றேன்” என்று போய்விட்டாள்.

நான் பேனாவைத் திறந்தேன். ‘பை’யை அடித்துவிட்டு ‘பிசைட்’ என்று எழுத வேண்டும். ஒரு சொல். ஒரு நாளைக்கு இருநூறு முறை செய்கிற வேலை. அதற்கு மேல் சார் பெயரை எழுதச் சொல்வதெல்லாம் வேறு விஷயம். இந்த ஒரு சொல்லை மாற்றினாலே போதும், அவள் பிழைத்துவிடுவாள்.

மேனேஜர் என் மேசை அருகே வந்து நின்றார். அவர் பார்வை தாளில் இருந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: வாக்குமூலம் அவளுடையது, அவள் சொற்களிலேயே இருப்பதுதான் நேர்மை, நீங்கள் கை வைத்தால் நாளை உங்களுக்கும் சங்கடம். பிறகு குரலை மாற்றாமல், திருத்தும் பிரிவில் யார் யாரை வைத்துக்கொள்ளலாம் என்று மேலே கேட்கிறார்கள், உங்கள் பெயரைத்தான் முதலில் சொல்லியிருக்கிறேன் என்றார். சிரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சொல்லை அவர் பார்த்துவிட்டார். அது எப்படிப் படிக்கப்படும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதியவளுக்கு மட்டும்தான் தெரியாது.

மெர்சி இரண்டு கோப்பைகளோடு வந்தாள். “சரியா இருக்காக்கா?”

“இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு” என்றேன்.

அவள் என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவள் கொண்டுவந்த டீயை நான் குடித்தேன். ஆமாம், குடித்தேன்.

5

‘என் பக்கத்தில்தான் நடந்தது’ என்று அவள் எழுதியதை ‘என்னால்தான் நடந்தது’ என்று படித்தார்கள். நம்மவர்கள் ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ என்பது நம் ‘தான்’. அது வேறு சேர்ந்து, ஒப்புதல் வாக்குமூலத்துக்கு எந்தக் குறையும் இல்லாமல் போயிற்று. மேனேஜர் மேலே போய் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று மாலைக்குள் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு காவலாளி அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஏதோ திருடி அகப்பட்டவளைக் கூட்டிப்போகிற மாதிரி அவள் பின்னால் நடந்தாள். நாற்பது பேர் நாற்பது திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிக்கைப் படிவத்தில் ‘செய்தவர்’ என்று ஓர் இடம் இருந்தது. ஆங்கிலத்தில் அதுவும் ‘பை’யில்தான் முடியும். அந்த இடத்தில் மெர்சியின் பெயரைத் தட்டச்சு செய்தவை என் விரல்கள். எழுத்துப்பிழை இல்லாமல்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “உனக்கு எதுக்குளா இந்தப் பொல்லாப்பு? நீயா அழிச்ச?” என்றார்.

நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. எங்கள் வீட்டில் எதையும் யாரும் உடைத்ததே கிடையாது, எல்லாம் ‘உடைஞ்சு போச்சு’. பால் பொங்கிப் போச்சு, சாவி தொலைஞ்சு போச்சு, அத்தை மகன் கல்யாணம் நின்னு போச்சு. நிறுத்தியது என் அப்பா என்று தெருவுக்கே தெரியும், ஆனால் அந்த வாக்கியத்தில் அவர் இருக்க மாட்டார். ‘போச்சு’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு குடும்பமே ஒளிந்துகொள்ளலாம். ஆங்கிலத்துக்காரன்தான் தந்திரக்காரன் என்று இல்லை.

6

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேரே மெர்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். இரண்டு கம்பெனிகளில் தேர்வாகி, பழைய இடத்தில் விசாரித்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கோப்பை அழித்தவள் என்று பதில் போயிருக்கிறது.

“அக்கா, எனக்கு இப்ப தா புரிஞ்சிது. அந்த ஹெச்ஆர் மேம் ‘பை மீ’ன்னா நா பண்ணேன்னு எடுத்துக்கிட்டாங்க. நீங்க எம்.ஏ. இங்கிலீஷ். ‘பை’ன்னா பக்கத்துலன்னும் அர்த்தம் இருக்குன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நா அத எடுத்துட்டுப் போறேன்.”

என்னைத் திட்ட வந்திருப்பாள் என்று நினைத்தேன். அர்த்தம் கேட்டு வந்திருந்தாள்.

பரணிலிருந்து கல்லூரிக் காலத்து அகராதியை இறக்கினேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். ‘பை’க்கு மட்டும் மூன்று பத்தி. அதில் முதல் பொருளே அருகில், பக்கத்தில் என்பதுதான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தமே பக்கம், சுற்றிலும். முன்னால், பின்னால் என்று சொல்லும் ‘பிஃபோர்’, ‘பிஹைண்ட்’ ஆகியவற்றின் தலையில் நிற்கும் ‘பி’யும் இதே சொல்தான். ஏனென்றால் என்று சொல்லும் ‘பிகாஸ்’கூட ‘பை காஸ்’ என்று இரண்டு சொல்லாக இருந்து ஒட்டிக்கொண்டது. கடவுள் மேல் ஆணையிடும்போது வரும் ‘பை’யும், அவர் பக்கத்தில் நின்று, அவர் முன்னிலையில் சொல்கிறேன் என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள்.

“பாத்தீங்களா!” என்று மெர்சி தொடையில் தட்டிக்கொண்டாள். “அப்போ நா எழுதினது தா ஒரிஜினல்!”

‘இன்னாரால்’ என்ற பொருள் அந்தச் சொல்லுக்குக் காலம் தாழ்ந்து வந்து சேர்ந்தது. ஆதியில் அந்த வேலையை வேறு சொற்கள் பார்த்தன. பக்கத்தில் நின்றதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தவன் என்ற பட்டம் வந்துவிட்டது. எப்படி வந்திருக்கும் என்று அறிஞர்கள் ஏதேதோ சொல்கிறார்கள். எங்கள் ஆபீசில் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

பக்கத்தைப் புரட்டும்போது ‘ஸ்டாண்ட் பை’ கண்ணில் பட்டது. ஒருவருக்குத் துணை நிற்பது என்று ஒரு பொருள். எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பது என்று இன்னொரு பொருள். இரண்டும் அடுத்தடுத்த வரியில். அதை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. அகராதியை மூடினேன்.

7

கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் எழுதியதில்லை. சொல்லின் பிறப்பு, பழைய வழக்கு, பள்ளிகளில் இன்றும் இருக்கும் வழக்கு, சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும் என்பது எல்லாம் இருந்தது. கீழே என் பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று போட்டேன். பதவியைப் போடவில்லை. ஆபீசின் பெயரையும் போடவில்லை.

பத்து நாளில் மெர்சி போன் செய்தாள்.

“லெட்டர திருப்பிக் குடுத்துட்டாங்கக்கா. லேங்குவேஜ்ல அவங்களுக்குப் பிராப்ளம் இல்லியாம்.”

“ஐயோ. வேற மாதிரி எழுதிப் பாக்கட்டுமா?”

பின்னணியில் ரயில் போகும் சத்தம் கேட்டது.

“நா ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காதீங்க. அர்த்தமெல்லாம் எழுதினீங்க. ரொம்ப நல்லா எழுதினீங்க. பாத்தத எழுதலியேக்கா. நீங்க எதிர்ல தா உக்காந்திருந்தீங்க.”

“மெர்சி...” என்றேன். “சரி, நக்கோ விடுங்க” என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் அழைக்கவில்லை. நான் அழைக்கலாமே என்று கேட்கிறீர்களா? போனை எடுத்து எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க ஒருத்திக்கு எத்தனை காரணம் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

மேனேஜர் அடுத்த ஆண்டு பதவி உயர்வு பெற்று வெளிநாடு போனார். கேக் வெட்டி வழியனுப்பினார்கள். அதற்கு வாழ்த்துரை எழுதும் பொறுப்பு ‘கிராமர் மேட’த்துக்கு. அவரால் கட்டப்பட்டது, அவரால் காக்கப்பட்டது, அவரால் வளர்க்கப்பட்டது என்று வரிக்கு வரி எழுதினேன். நாற்பது பேர் கை தட்டினார்கள். மெர்சியின் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த புதுப் பெண் எனக்கு ஒரு துண்டு கேக் கொண்டுவந்து கொடுத்தாள். வாயில் போட்டதும் வெண்ணெய்க் கிரீம் நாக்கில் சவர்க்காரம் போல் ஒட்டியது. கழிவறைக்குப் போய்த் துப்பினேன். வாயை எத்தனை முறை கொப்பளித்தும் போகவில்லை. அதற்கப்புறமும் அங்கே ஓராண்டு வேலை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன்.

8

மகள் கேட்ட கேள்விக்குப் பிறகு மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. நான்காம் நாள் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். ‘அவர் அவளை எழுந்திருக்கச் சொன்னார். அவர் உட்கார்ந்தார். இது அசல் என்று அவள் சொன்னாள். அவர் விசையை அழுத்தினார். நான் எதிரில் இருந்து பார்த்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை.’ அவர் பெயர், என் பெயர், கம்பெனியின் பெயர் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். இங்கே அவற்றை எழுதாததற்குக் காரணம், அந்தத் தாள் இப்போது மெர்சியுடையது. யாரிடம் காட்டுவது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மௌலா அலிக்குப் போனேன். மெர்சிதான் கதவைத் திறந்தாள். அங்கேயே ஒரு சின்னப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாளாம். “வாங்க” என்றாள். அக்கா என்ற சொல் வரவில்லை. தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, மறுபடி மேலேயிருந்து படித்தாள்.

“எனக்கு இப்ப இது நக்கோ. வேல இருக்கு” என்றாள், ஆனாலும் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, “அப்பாகிட்ட சொல்லுங்க. வாயால சொல்லுங்க” என்று உள்ளே கைகாட்டினாள்.

அவள் அப்பா ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். எழுபது இருக்கும். மெர்சி என்னை இன்னார் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

“உக்காருங்கம்மா. இன்னா விசயம்?”

சொன்னேன். தமிழில் சொல்வதற்கு மிகவும் கொஞ்சமாக இருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எம்பொண்ணு அத செய்யலியா?”

“செய்யல.”

“நீங்க கண்ணால பாத்தீங்க?”

“பாத்தேன்.”

“கைக்கும்மா அப்ப சொல்லல?”

வேலை போய்விடும் என்று, மேனேஜர் மிரட்டினார் என்று, குழந்தை சின்னவள் என்று எத்தனையோ தயாராக வைத்திருந்தேன். “பயந்துட்டேன்” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மூணு வருசமா இது இதயே தாம்மா சொல்லுது. ‘நா பண்ணலப்பா, பக்கத்துல தா நின்னேன்’னு. நா நம்பல. பண்ணாதவ கைக்குக் கையெழுத்துப் போட்டன்னு கேட்டேன். ஸ்டேஷன்ல நா எத்தினி விசாரண பாத்திருக்கேன், காயிதத்துல இருக்கிறது தா நெசம்னேன். தெனம் என்கூட உக்காந்து சாப்பிட்ட பொண்ணு அது. அது சொல்லி நம்பல.” கையிலிருந்த கண்ணாடியை மடக்கினார். “நீங்க யாரு எனக்கு? நீங்க வந்து சொன்ன ஒடனே நம்புறேன். பாத்தீங்களா என் லட்சணத்த?”

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

“மெர்சி, இங்க வாம்மா” என்றார்.

“இருப்பா, கை ஈரம்” என்று குரல் மட்டும் வந்தது.

நான் எழுந்தேன். மெர்சி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். கண் சிவந்திருந்தது. “சண்டே இந்தப் பக்கம் ஆட்டோ வராது. ஸ்டேஷன் ரோடு வரைக்கும் நடந்துடுங்க” என்றாள்.

வழி தெரியும் என்று சொல்லிவிட்டும் நான் படியில் ஒரு கணம் நின்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கூட வருவாள், பரவாயில்லை அக்கா என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன். செய்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு கணத்தை நினைத்தால்தான் எனக்கு இப்போது குமட்டுகிறது.

உள்ளேயிருந்து அவள் அப்பா மறுபடியும் கூப்பிட்டார்.

“வந்துட்டேம்ப்பா” என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே அவள் கதவைச் சாத்தினாள்.